நீல டப்பாவும் மரபணுப் பட்டிமன்றமும்

போன வாரம் நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்த கத்திரிக்காய்ச் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். மரபணு மாற்றிய கத்திரிக்காயைத் தின்றால் பரம்பரையே விளங்காது என்று எங்கிருந்தோ வந்த செய்தியைப் பாண்டுப்பில் இருக்கும் நம்மாள் அப்படியே தள்ளிவிட்டார். கோபர்கைரனேக்காரர் அதெல்லாம் புரளி என்றார். தாணேயில் இருந்து ஒருத்தி, கத்திரிக்காயே வேண்டாம், எனக்கு அரிக்கும் என்று நடுவில் புகுந்தாள். நரை விழுந்து, மூக்குக்கண்ணாடி ஏறி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முழி பிதுங்கும் வயதிலும் நாம் மாறவே இல்லை. பெஞ்சைத் தட்டாத குறைதான்.

அந்தச் சண்டையின் கடைசியில்தான் ஒருவர் எழுதினார். ஒன்பதாவதில் இதே தலைப்பில் பட்டிமன்றம் போட்டோமே, அதில் ஒருத்தி சர்க்கரை நோயாளியாக நடித்தாளே, என்ன நடிப்பு, பாவம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. உடனே எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டீர்கள். நானும் போடத்தான் போனேன். விரல் போகவில்லை.

அவள் நடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பெயர் யாருக்கும் போடப் போவதில்லை. உங்களுக்கு ஆளைத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அவள் என் பெஞ்சுக்காரி. அப்படியே சொல்கிறேன்.

பருத்தியில் புதுவிதை வந்த புதிது அது. மாடுங்காவிலிருந்து நம் தாராவிப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அறிவியல் டீச்சருக்கு ஆங்கிலப் பேப்பர் படிக்கும் பழக்கம். ஒருநாள் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து, இனிமேல் நாமும் வகுப்பில் விவாதம் செய்யப் போகிறோம் என்றார். தாராவியில் விவாதத்துக்கு என்ன பஞ்சம், தண்ணீர்க் குழாயில் தினமும் காலையில் நடக்கிறதே என்று பின்பெஞ்சு சிரித்தது. டீச்சர் கோபிக்கவில்லை. பெஞ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஆதரவு, நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எதிர்ப்பு என்று பிரித்துவிட்டார். இப்படி ஒவ்வொரு பெஞ்சும் இரண்டாக வெட்டுப்பட்டது. பெஞ்சுக்காரி ஜன்னல் பக்கம். ஓயாமல் தண்ணீர் குடிப்பாள், வெளியே ஊற்றிக் கொப்பளிக்க வசதி என்று அந்த இடத்தை என்னிடமிருந்து பிடுங்கியிருந்தாள். ஆகையால் அவள் ஆதரவு, நான் எதிர்ப்பு.

மரபணு என்றால் என்ன என்று நமக்கு யாருக்கும் தெரியாது. டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய பாசிமாலையைக் கொண்டுவந்தார். உயிருள்ள எதற்குள்ளும் இப்படி ஒரு மாலை இருக்கிறது, அதில் ஒரு மணியை எடுத்துவிட்டு வேறொன்றைக் கோத்தால் செடியின் குணம் மாறும் என்று காட்டப்போனார். நூல் அறுந்தது. மணிகள் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு ஓட, வகுப்பு முழுதும் தவழ்ந்துகொண்டு தேடினோம். தோல் பதனிடும் பட்டறை வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் கலந்த அந்தத் தரை இன்னும் என் முழங்கையில் உறுத்துகிறது. பாதி மணிகள் கிடைக்கவில்லை. டீச்சர் மட்டும், பரவாயில்லை, புரிந்துவிட்டது இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். சத்தியமாகப் புரிந்திருந்தது.

அதற்கப்புறம் தயாரிப்பு. சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு ஒருநாள் ஆதரவு அணி, மறுநாள் எதிர்ப்பு அணி. டீச்சர் தரும் குறிப்புகளை அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். பூச்சி தின்னாத பருத்தி, மருந்தடிக்கும் செலவு குறைவு என்று அவர்களுக்கு. விதையை வருஷாவருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும், பக்கத்து வயலுக்கும் மகரந்தம் பறக்கும் என்று எங்களுக்கு. எதிரணியின் அட்டையைப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பார்க்காமல் இருப்பது எப்படி? நானும் பெஞ்சுக்காரியும் புத்தகப் பையை நடுவில் சுவர்போல வைத்துக்கொண்டோம்.

இங்கே என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோலி, அதாவது வீடு, ஒற்றை அறைதான் என்றாலும், அப்பா வாசலில் குளிர்பானம் விற்றதால் எங்கள் சந்திலேயே முதல் ஃப்ரிட்ஜ் எங்களுடையது. கோழிக்கறி, தோசைமாவு, கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகை என்று ஊரார் சாமான் எல்லாம் அதில் இருக்கும். பெஞ்சுக்காரியின் அம்மாவும் ஒரு நீலச் சோப்பு டப்பாவை ரப்பர் போட்டுக் கட்டி என் அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார். முறுக்குச் சுடும் கூடத்தில் வேலை பார்க்கும் பெண்மணி. அடுப்புப் புகையில் கண் எரிகிறது, கண்ணுக்கு விடும் மருந்து என்று சொல்லியிருந்தார். காலையிலும் சாயங்காலமும் பெஞ்சுக்காரி வந்து டப்பாவை எடுத்துப் போவாள், சற்று நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவர் டப்பாவைத் திறப்பது எங்கள் சந்தில் அடுத்தவர் கதவைத் திறப்பதற்குச் சமம்.

ஒருநாள் ஆதரவு அணிக்கான தயாரிப்பு முடிந்து அவள் வந்தாள். முகம் ஒரு மாதிரி பளபளவென்று இருந்தது. அம்மா குழாயடிக்குப் போயிருந்தார். பெஞ்சுக்காரி நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, டப்பாவின் ரப்பரைக் கழற்றி, என் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"ஏட்டி, இது கண்ணு மருந்து இல்ல. இன்சுலின். எனக்கு ஏழு வயசுலயிருந்து சுகரு. இதை ஒரு கிருமி செய்யுதாம், இன்னைக்குத்தான் டீச்சர் சொன்னாவ. எனக்காக ஒரு கிருமி ராப்பகலா வேலை பாக்குது. நீ அதைப் போயி சாபம்னு பேசப்போற."

டீச்சர் அவர்களுக்குக் கொடுத்த குறிப்பு அது. முன்பெல்லாம் மாட்டிலும் பன்றியிலும் இருந்து எடுத்தார்களாம் அந்த மருந்தை. இப்போது மனிதரின் மரபணுவை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதைச் செய்யவைக்கிறார்களாம். வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு அட்டைக் குறிப்பு. இவளுக்கு அப்படியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தொடையில் குத்திக்கொண்டு, பஞ்சைப் பேப்பரில் சுற்றி நாலாச் சாக்கடையில் எறிந்த அசிங்கம் ஒன்று திடீரென்று பாடப்புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் இன்று கேட்பார்கள். நமக்குத் தெரியும். பெண்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை என்றால் அவளையும் கட்ட மாட்டார்கள், அவள் தங்கையையும் கட்ட மாட்டார்கள். ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். தாராவியில் ஒரு கோலியில் தும்மினால் ஊரில் அத்தை வீட்டுக்குக் கேட்கும். பெஞ்சுக்காரிக்கு ஊரில் அத்தை மகன் ஒருவன் இருந்தான், பேச்சுவாக்கில் அவள் அவனுக்குத்தான். அதனால் அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குக்கூடத் தன் முட்டிவலிக்குப் போவதாகச் சொல்லித்தான் அவளைக் கூட்டிப் போவார். கெட்ட பெண்மணி என்று எண்ணிவிடாதீர்கள். அத்தனை வேலைக்கு நடுவில் ஒரு வேளை ஊசியைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

ஒளித்ததற்கு வேறு விலையும் இருந்தது. ஒருமுறை காலைப் பிரார்த்தனையில் பெஞ்சுக்காரி மயங்கி விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிரில் மாஸ்டர், இளைப்பதற்காகப் பட்டினி கிடக்கிறாயா என்று கேட்டு, தண்டனையாக வெயிலில் நிறுத்தினார். பையில் வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்ன அவளுக்குத் தைரியம் வரவில்லை. எலிபெண்டா தீவுக்குப் படகில் கூட்டிப்போகும் சுற்றுலாவுக்கு அவள் ஒரு வருஷமும் வந்ததில்லை. காசு இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

குப்பியைத் திரும்ப டப்பாவில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள், எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் டப்பாவை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் படகில் போகலாம் அல்லவா என்று. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒளிக்காமல் ஒரு நாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு அவள்மேல் பாசமும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டாளே என்ற கோபமும் சேர்ந்தே வந்தன.

இதற்கிடையில் தமிழ் ஐயாவுக்கு விஷயம் எட்டியது. பிள்ளைகள் அட்டையை வைத்துக்கொண்டு வாசிப்பதா, இதுவா தமிழன் வாதம் செய்யும் முறை என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்புக்குள் இருந்த விவாதத்தை அவர் பெற்றோர் தினத்துப் பட்டிமன்றமாக மாற்றினார். தலைப்பு, மரபணு மாற்றம் வரமா சாபமா. நடுவர், அவரேதான். டீச்சருக்கு இதில் முழு மனம் இல்லை, ஆனால் வயதில் சின்னவர், வந்தும் கொஞ்ச நாள்தான். சரி என்றுவிட்டார்.

ஐயா பயிற்சி கொடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "விஷயத்தைச் சொன்னா எவன் கேப்பான்? உனக்கு நடந்ததாச் சொல்லு. நடக்கலைன்னாலும் நடந்ததாச் சொல்லு" என்பார். பட்டிமன்றப் பேச்சாளர்கள் மேடையில் சொல்லும் மனைவியும் மாமியாரும் உண்மையிலேயே இருக்கிறார்களா என்ன? அப்படித்தான் எங்களுக்கும் ஆளுக்கொரு கதை கட்டிக்கொடுத்தார். என் மாமாவின் ஆடு புதுப்பருத்தி இலையைத் தின்று வாயில் நுரைதள்ளிச் செத்தது என்பது என் பங்கு. எனக்கு மாமாவே கிடையாது. நம் பின்பெஞ்சுக்காரன், மீனின் மரபணு வைத்த தக்காளியைத் தின்ற அவன் சித்தப்பா மித்தி ஆற்றில் குதித்து நீந்தியதாகச் சொல்லவேண்டும். மித்தி ஆறு என்கிற சாக்கடையில் நீந்தியதற்கே சித்தப்பாவுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று அவனே ஒரு வரி சேர்த்துக்கொண்டான்.

பெஞ்சுக்காரிக்கு ஐயா ஒரு கதையும் கட்டித் தரவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது ஐயா, மேடையில் சொல்கிறேன் என்று அவள் சொன்னாள். அவருக்குப் பரம திருப்தி. தானாகக் கற்பனை செய்கிற பிள்ளை என்று எங்களிடம் மெச்சினார்.

டீச்சரிடம் மட்டும் அவள் முழுதும் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "இதுல வெக்கப்பட என்னடி இருக்கு? நீ தைரியமாச் சொல்லு. அம்மாகிட்ட நான் அப்பறமாப் பேசறேன்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் அவர் வீட்டிலிருந்து நம் பள்ளிக்குப் பேருந்தில் கொஞ்ச தூரம்தான் என்றாலும், அந்தக் கொஞ்ச தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பேசவேண்டியது அம்மாவிடம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் இன்றுதான் தோன்றுகிறது.

பெற்றோர் தினம். கூடத்தில் மின்விசிறி பாதி ஓடவில்லை. வேலைவிட்டு நேரே வந்த அப்பாக்கள் பின்னால் நிற்க, அம்மாக்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்காரியின் அம்மா இப்படிப்பட்ட இடத்துக்கு வருகிற ஆளே இல்லை. என் அம்மாதான் முறுக்குக் கூடத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். எண்ணெய் வாசனை போகாத சேலையோடு, மடியில் சின்ன மகளை வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

முதலில் பருத்தி, பூச்சி, விதை என்று சில பேர் பேசினார்கள். தக்காளி தின்ற சித்தப்பா நீந்தியபோது கூடம் அதிர்ந்தது. பிறகு பெஞ்சுக்காரி வந்தாள். கையில் அட்டை இல்லை. நடுவர் அவர்களே என்று தொடங்கி, தனக்குத் தினமும் காலையும் மாலையும் ஊசி உண்டு என்றாள். ஏழு வயதில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னாள். மருந்தை ஒரு கிருமி செய்கிறது என்றாள். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கிருமிக்குள்ள ஒரு மனுஷனோட மரபணுவை வைக்கலைன்னா நான் இன்னைக்கு இந்த மேடையில இல்ல. எதிரணியில இருக்கவங்க என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், அது சாபம்னு."

பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார். உடனே கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். என் அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். நான் பெஞ்சுக்காரியின் அம்மாவைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. சின்ன மகளை இறுக்கிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல், தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துப் பேசவேண்டியவள் நான். அவள் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல என்னால் ஆகவில்லை. ஐயா கண்ணைக் காட்ட, மனப்பாடம் செய்திருந்த ஆடு வாயிலிருந்து வந்துவிட்டது. நுரை தள்ளிற்று, செத்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

ஐயாவின் தீர்ப்பு வழக்கம்போல், அளவோடு இருந்தால் வரம், மிஞ்சினால் சாபம். அதோடு விட்டிருக்கலாம். தனிப் பரிசு ஒன்று உண்டு என்றார். இல்லாத நோயை இருப்பதுபோலச் சொல்லி நம் எல்லோரையும் அழவைத்த அந்தக் குழந்தைக்கு என்று சொல்லி, பெஞ்சுக்காரியை மேடைக்கு அழைத்தார். அவர்மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. நீந்திய சித்தப்பா பொய், செத்த ஆடு பொய், இது மட்டும் எப்படி உண்மை என்று தோன்றும்? அந்தக் கூடத்தில் அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பெஞ்சுக்காரி வாயைத் திறந்தாள். இல்லை ஐயா என்றுதான் ஆரம்பித்தாள். டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அதற்குள் அவள் அம்மா மேடையேறிவிட்டார். சிரித்துக்கொண்டே ஏறினார். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு எந்த முகத்திலும் பார்க்கவில்லை. விழா முடிவில் கொடுப்பதற்காக ஓரத்தில் தட்டு நிறைய லட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்தார்.

"மேடைக்காகச் சொன்னா. எம்புள்ளைக்கு என்ன கொறை, கல்லு கணக்கா இருக்கா. ஏட்டி, வாயைத் தொற."

டீச்சர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பெற்றவளே சொல்லும்போது நாம் குறுக்கே போகக்கூடாது என்று நினைத்திருப்பார். பெஞ்சுக்காரி லட்டு முழுவதையும் தின்றாள். மெல்ல மெல்லத் தின்றாள், உதிர்ந்த பூந்தியைக்கூட உள்ளங்கையில் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏழு வயதிலிருந்து தின்னாத இனிப்பு. கூடம் மறுபடியும் கைதட்டியது. அவள் அம்மா பாயில் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், என் அம்மா வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் டப்பாவை எடுக்கப் பெஞ்சுக்காரி வரவில்லை. அவள் அம்மா வந்தார். கண் சரியாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று என் அம்மாவிடம் சொல்லி, நீல டப்பாவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போனார். மேடையில் மகள் சொன்ன கதையையும், தினமும் இரண்டு வேளை எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடும் டப்பாவையும் யாராவது சேர்த்துப் பார்த்துவிட்டால்? அந்தப் பயம்தான். என் அம்மா சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார். அதை அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

அதற்கப்புறம் மருந்து அவர்கள் கோலியில் மண்பானைக்குள் இருந்தது. மேலே தகரக் கூரை, அது பம்பாய்க் கோடை. பெஞ்சுக்காரி மெலிந்துகொண்டே வந்தாள். இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டுவருவாள், முதல் மணி அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பட்டிமன்றத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒருநாள், நான் சொன்னதை யாருமே கேட்கவில்லை, அவ்வளவு பேரும் கேட்டும் கேட்கவில்லை என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, கணக்கு வராததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

டீச்சர் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போனார். எம்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் கிளப்பிவிடாதீர்கள் என்று அவள் அம்மா கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் டீச்சர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

பள்ளி விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் போனார்கள், அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு. இரண்டு ராத்திரி ரயிலில், துணிப்பைக்குள் நீல டப்பா. கல்யாண வீட்டில் ஆட்களுக்கு நடுவில், மச்சில் ஆளை அவிக்கும் வெப்பத்தில் அதை நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். ஒரு வேளையும் தவறாமல் ஊசி போட்டிருக்கிறார் அந்த அம்மா. ஆனால் வெயிலில் வெந்துபோன மருந்தில் ஒன்றும் இருந்திருக்காது. வாந்தி எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு இரைத்தது. பந்தியில் தின்றது சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். கூடியிருந்த சம்பந்திகளுக்கு நடுவில் சுகர் என்ற ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் அவள் தங்கை பெரியவளான பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னது. அப்போது நமக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு தகவல்தான். காய்ச்சலில் போய்விட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது என் பெஞ்சில் ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது. நான் அங்கே நகர்ந்து உட்காரவில்லை. நீங்கள் யாரும் உட்காரவும் இல்லை. அதற்காக உங்கள்மேல் எனக்கு எப்போதும் நன்றி உண்டு.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையை என் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு சொன்னார். டப்பாவின் மூடி இடுக்கில் ஒருநாள் ஊசி தெரிந்ததாம், கண் மருந்துக்கு ஊசி எதற்கு என்று கேட்கத் தோன்றியதாம். கேட்டால் அந்த அம்மா கூசிப்போவாரே என்று விட்டுவிட்டாராம். இங்கிதம் என்று ஒன்றை நமக்கு ஊட்டி வளர்த்தார்களே, அதை நினைத்து அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆறேழு மாதத்துக்கு முன் பெஞ்சுக்காரியின் அம்மாவைப் பார்த்தேன். செம்பூரில் ஒரு மருந்துக்கடை. இப்போது சின்ன மகளோடு அந்தப் பக்கம் இருக்கிறார். தலை முழுதும் வெளுத்து, கையில் கோலோடு வரிசையில் நின்றார். கடைக்காரப் பெண்ணிடம் சத்தமாக, கடை முழுதும் கேட்கும்படி, எனக்கு சுகரும்மா, முந்நூறுக்கு மேல ஏறிப்போச்சு, இனிமே ஊசிதானாம் என்றார். பக்கத்தில் நின்றவர் தனக்கு எவ்வளவு என்று சொன்னார், இவர் அதற்கொரு பத்தியம் சொன்னார். வயதானவர்களின் சர்க்கரைக்கு என்ன வெட்கம்?

அந்தப் பெண் இன்சுலின் குப்பியை எடுத்துக் கொடுத்து, இதை ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும் ஆச்சி, வெயில் பட்டால் கெட்டுப்போகும், அப்புறம் போட்டாலும் தண்ணீரைப் போட்டதுமாதிரிதான் என்றாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். அவருக்கு அது புதுச் செய்தியா, தெரிந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தெரியும்மா என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து அத்தை என்று கூப்பிட்டேன். அடையாளம் தெரிந்ததும் கன்னத்தைத் தடவினார். பிள்ளைகளைக் கேட்டார், அம்மாவைக் கேட்டார். நான் தாங்காமல் பெஞ்சுக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டேன். சொல்லி ரொம்ப வருஷமாயிருந்தது. அவர் திரும்பி, வரிசையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். கடையில் அத்தனை சத்தமாகப் பேசியவரின் குரல் இப்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல்தான் தாயி. சின்னவளுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைய, நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். யாரும் கேட்டா நீயும் காய்ச்சல்னே சொல்லு."

கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது, துடைக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தார். சரி அத்தை என்றேன்.